மேடு பள்ளம் தெரியாத வண்டி

மார்ச் 3, செவ்வாய்

வெட்கம் என்று சொல்ல முடியாது. வெட்கமாக இருந்தால் அலுவலக வாசலில் என்னை அழைத்துப்போக அப்பாவின் பெரிய கார் வந்து நின்றதும் ஒளிந்திருப்பேன். ஒளியவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து மேசையில் பாடநூல்களுக்குப் படம் வரைகிறவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "என்னடி இது, வண்டியா வரவேற்பறையா? பென்ஷன் புத்தகத்தக் காட்டினாத்தான் இத விப்பாங்களாமே?" நான் மெய்ப்புத் திருத்துகிறவள், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கிறவள். எதற்கும் பதில் இரண்டாம் வாசிப்பில்தான் தோன்றும். தோன்றியபோது படி இறங்கியிருந்தேன்.

சாம்பல் நிறம். எங்கள் வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டு வாசலிலும் கால்வாசி நிற்கும். பின்னால் ஏறி உட்கார்ந்தால் உடம்பு முதலில் கீழே போகிறது, யோசிக்கிறது, பிறகு நிற்கிறது. கதவைச் சாத்தினால் ஊர் அணைந்துவிடுகிறது.

அப்பா சொல்வார்: "சின்ன வண்டில போனா ரோடு நம்மளத் திட்டிக்கிட்டே வரும். இது மரியாத தெரிஞ்ச வண்டி." புது வண்டிகளைப் பற்றிக் கேட்டால்: "மாமியார் மாதிரி. பெல்ட்டப் போடு, கோட்டத் தாண்டாத. எதுக்கெடுத்தாலும் ஒரு சத்தம்."

"இதுல நான் இருக்கேன்ல, அதான் சத்தம் வைக்கல" என்றாள் முன்னிருக்கையிலிருந்து அம்மா.

வழி நெடுக அவள்தான் பேசினாள். யார் வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம், எந்த ஸ்கூட்டர்காரி பிள்ளையை எப்படி இடுக்கிக்கொண்டு போகிறாள். பாதி வழியில் தூங்கிவிட்டேன். முப்பது வயதில், பின்னிருக்கையில், வாயைத் திறந்துகொண்டு. உரிமம் வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக ஓட்டியதில்லை.

இதைத்தான் வெட்கம் என்கிறார்களோ?

மார்ச் 8, ஞாயிறு

பின்கதவில் ஒரு கீறல். என் சுட்டுவிரல் நீளம். "அது எப்பவோ பட்டது" என்கிறாள் அம்மா. எப்பவோ பட்ட கீறல் இப்படிப் பளிச்சென்று இருக்குமா?

மார்ச் 14, சனி

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அவள் முதலில் கேட்டது: "அப்ப வண்டில நான் எங்க உக்கார்றது?"

வலியில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிட வேண்டும்.

எலும்பு மருத்துவரிடமிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா கட்டுப்போட்ட காலைப் பின்னிருக்கையில் நீட்டிக்கொண்டாள், அந்த வண்டியில் அதற்கு இடமிருக்கிறது. நான் முன்னால். வலி மாத்திரை வேலைசெய்து, அம்மாவின் பேச்சு ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது.

அப்பா வேகத்தைக் குறைத்தார். "அம்மா தூங்கிட்டாளா?"

"ஆமாப்பா."

இன்னும் குறைத்தார். பின்னால் ஹாரன்கள்.

"நீ ஒண்ணும் பேச மாட்டியா?"

"என்ன பேச?"

"ஏதாவது. உங்கம்மா மாதிரி."

நாற்சந்தி. சிவப்பு. அப்பா நிற்கவில்லை. நிற்காமல் போகிறோம் என்பதே எனக்கு உறைக்கவில்லை. அந்த வண்டிக்குள் இருந்தால் எதுவும் நடப்பதாகவே தெரியாது. பக்கவாட்டிலிருந்து ஒருத்தி, மிதிவண்டி, முன்கூடையில் முட்டை அட்டைகள் —

அப்பா என்று கத்தினேன். திருப்பினார். வண்டி நடைபாதைக் கல்மேல் ஏறி இறங்கியது. மெத்தையைக் கீழிருந்து யாரோ தட்டினாற்போல இருந்தது.

"சின்ன மேடு" என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தாள். விழவில்லை. வாய் அசைந்தது. என்ன திட்டினாள் என்று கேட்கவில்லை. அவ்வளவு நல்ல கதவு.

அவர் அவளைப் பார்க்கவில்லை. இப்போதும் அப்படி ஒருத்தி இருந்தது அவருக்குத் தெரியாது.

மார்ச் 18, புதன்

அப்பா நடக்கப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"நாலு வருஷமா இப்படித்தான். நேரா பாத்தா எறும்பு கூடத் தெரியும். ஓரமா வர்றது எதுவும் தெரியறதில்ல. வாசக்கால்ல தோள இடிச்சுக்குவாரு, கவனிச்சதில்லையா நீ?"

இல்லை. நேற்று முன்தினம்கூட நான் கொண்டுவந்த மெய்ப்பில் ஒரு விடுபட்ட புள்ளியைக் காட்டினார். எட்டு மணி நேரம் பிழை தேடுகிறவள் வீட்டில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்?

"நில்லுங்கன்னு சொன்னா கோவம் வரும். அதான் சும்மா பேசுற மாதிரி. 'ஐயோ அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட கடக்கிறா'ன்னா பிரேக்கு. 'லாரிக்காரனுக்கு என்ன அவசரம்'னா ஒதுங்கணும். 'சிக்னல் கம்பத்துக்குப் புதுசா பெயிண்டு அடிச்சிருக்கான்'னா சிவப்பு."

இருபது வருடமாக வாசிக்கிறேன், படித்திருக்கிறேன் என்று பெயர். அம்மாவின் பேச்சை வம்பு என்று நினைத்துத் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"அவரும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல."

"டாக்டர்கிட்ட ஏம்மா போகல?"

கட்டின் விளிம்பைச் சொறிந்துகொண்டே இருந்தாள். "போனா வண்டிய எடுக்காதீங்கன்னுதான சொல்லுவாரு?" பிறகு, என்னைப் பார்க்காமல்: "வீட்டுல நான் பேசினா பேப்பர விட்டு தல நிமிராது. வண்டிலதாண்டி நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் கேப்பாரு."

எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டேன். சர்க்கரை மறந்தேன்.

மார்ச் 19, வியாழன்

அப்பா நாளை கிளம்புகிறார். தனியாக. பழைய அலுவலக நண்பர் வீடு கட்டியிருக்கிறார், நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். "அம்மாவால வர முடியாது, உனக்கு வேல இருக்கு. மெதுவாப் போய்ட்டு வந்துடறேன்." வண்டியைத் தானே துடைத்தார். நேர் எதிரே தெரிந்ததைப் பளபளவென்று. ஓரங்களில் சேறு அப்படியே.

முட்டைக்காரி. அந்த நெடுஞ்சாலையில் எத்தனை முட்டைக்காரிகள்? நானும் கூடப் போய்ப் பேசிக்கொண்டே வரலாம். வரலாமா? எனக்கு அம்மாவின் வேகம் வராது. ஒரு வாக்கியம் தேடி முடிப்பதற்குள் ஒருத்தியை இடித்துவிடுவோம். சொல்லிவிடலாம், நேராக. எந்த வாயால்?

மார்ச் 20, வெள்ளி

அப்பா எழுந்திருக்கும் முன் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் வந்துவிட்டேன். திருடி. வேறென்ன?

ஒன்பதரைக்குத் தொலைபேசி. "சாவி உங்கிட்டயா?"

"ஆமாப்பா."

"மறந்து எடுத்துட்டியா?"

மறந்து என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "இல்லப்பா. வேணும்னுதான் எடுத்தேன். கண் டாக்டர்கிட்ட வாங்க, தரேன்."

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"உங்கம்மா சொன்னாளா?"

"நான் முன்னாடி உக்காந்திருந்தேன்பா. அன்னிக்கு. ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்தா."

"எந்தப் பொண்ணு?"

சொன்னேன். முட்டை அட்டை உட்பட. "விழுந்தாளா?"

"இல்ல."

"சரி" என்றார். "திங்கக்கிழம போலாம்."

படம் வரைகிறவள் என்னடி முகம் இப்படி என்றாள். பித்தம் என்றேன்.

மார்ச் 23, திங்கள்

வாடகைக் காரில் போனோம், குட்டி வண்டி. முழங்கால் முகவாயில் இடிக்க, "இதுல ஏத்தறதுக்கு முன்னாடி மனுஷன மடிக்கணும் போல" என்றார் அப்பா. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு கிண்ணத்துக்குள் நெற்றியைப் பதிக்கவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பின்னால் நின்றேன். திரையில் புள்ளிகள் வந்தன, போயின. பொத்தான் சத்தம் எப்போதாவதுதான் வந்தது.

மருத்துவர் என்னைவிடச் சின்னவள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடு மட்டும் மிச்சம். "போனது திரும்ப வராதுங்க. மருந்து விட்டா இருக்கறதக் காப்பாத்தலாம். நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இவ்ளோ போயிருக்காது. வண்டி இனிமே வேண்டாம்."

அப்பா நல்ல மாணவனைப்போலத் தலையாட்டினார். தாழ்வாரத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முதல்முறை.

"அந்த நாலு வருஷக் கணக்க உங்கம்மாகிட்ட சொல்ல வேண்டாம்."

"உங்களுக்குத் தெரியுமாப்பா? அவ ஏன் பேசிட்டே வந்தான்னு?"

"போகப் போகத் தெரிஞ்சது." சற்று நடந்தார். "கேட்டா நிறுத்திடுவாளோன்னு கேக்கல."

மார்ச் 24, செவ்வாய்

அம்மா சுற்றி வளைக்கவில்லை. அப்பா குளிக்கும்போது என்னைக் கூப்பிட்டு நேராகக் கேட்டாள்: "முன்னாடியே போயிருந்தா?"

இதை நூறு விதமாகத் திருத்தி வைத்திருந்தேன். வயசானா வர்றதுதாம்மா. யாருக்கும் வரும்மா. அவள் கண்ணைப் பார்த்ததும் ஒன்றும் நிற்கவில்லை.

"போயிருந்தா கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும்மா."

தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். அவ்வளவுதான்.

நான் செய்தது சரியா?

மார்ச் 29, ஞாயிறு

ஐந்து நாளாக வீட்டில் சத்தமில்லை. தட்டு வைக்கிற சத்தம். குழாய். அம்மாவால் இவ்வளவு பேசாமலிருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அப்பா நாளிதழில் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் பிடித்திருக்கிறார்.

நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருந்திருக்கவும் கூடாது.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று மாலை அப்பா சொட்டு மருந்துப் புட்டியோடு அம்மாவின் கட்டில் ஓரம் போய் நின்றார்.

"எனக்கு விட வரல. கன்னத்துலதான் விழுது."

பொய். செவிலி கற்றுக்கொடுத்தபோது முதல் முறையிலேயே சரியாக விட்டார். பத்து நாளாகத் தானே விட்டுக்கொள்கிறார், ஒரு துளி சிந்தாமல்.

அம்மா புட்டியை வாங்கிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"உக்காருங்க. தலையச் சாய்ங்க. இன்னும். இமைக்காதீங்க. இமைக்காதீங்கன்னா என்ன அர்த்தம், சின்னப் புள்ளையா நீங்க? அந்த விட்டத்தப் பாருங்க. அந்தப் பல்லி எவ்ளோ பெருசா ஆயிடுச்சு பாருங்க, போன வாரம் வால் அறுந்து கெடந்துச்சே —"

விட்டத்தில் பல்லி இல்லை. அப்பா தலையைச் சாய்த்தபடி, "எங்க?" என்றார்.

நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். இருக்கையை முன்னுக்கு நகர்த்தினேன், கண்ணாடிகளைச் சரிசெய்தேன். ஜன்னல்கள் நான்கையும் இறக்கிவிட்டு, தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன்.