அரிசி கழுவிய தண்ணீர்

அன்புள்ள கோதைக்கு,

உனக்குத் தமிழ் படிப்பது சிரமம்தான். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படி, அவசரம் ஒன்றுமில்லை.

நீ பாஸ்தாவில் கிள்ளிப்போட வளர்த்து, பால்கனியில் விட்டுப்போன தைம் செடி பாதிக்குமேல் கருகிவிட்டது. நான் ஒன்றும் அதைக் காயப்போடவில்லை. தினமும் காலையில் துளசிக்கு ஊற்றிய கையோடு, இதற்கும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். வெயில் படுகிறதே என்று உள்ளே எடுத்து வைத்தேன். வாடினாற்போல் தெரிந்ததால் சாயங்காலமும் ஒரு சொம்பு ஊற்றினேன்.

கடைசியில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அந்த ஆள் வேரை எடுத்து முகர்ந்து பார்த்தான். அழுகல் வாடை.

"காகூ, இத்னா பானி? இஸ்கோ அகேலா சோட் தோ" என்றான். இவ்வளவு தண்ணீர் கூடாதாம், தனியாக விட்டுவிட வேண்டுமாம். ஆபீஸுக்குப் பக்கத்தில் ஹிஞ்சேவாடியில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போன அன்று நீ கத்தியதும் ஏறக்குறைய இதேதான்.

பச்சையாக இருந்த நாலு குச்சிகளை வெட்டி, மணல் கலந்த மண்ணில் நட்டேன். மூன்று வாரமாகிறது. மண் காய்ந்தால்தான் தண்ணீர். காலையில் பாத்திரத்தோடு பால்கனிவரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். உனக்கு போன் செய்யாததும் கோபத்தால் இல்லை.

களைப்பாக இருக்கிறது. சும்மா இருப்பது இத்தனை பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது.

நேற்று ஒரு குச்சியில் கடுகளவு துளிர் வந்திருக்கிறது. தொட்டுப் பார்க்கவில்லை.

சாப்பிட்டாயா என்று கேட்காமல் முடிக்கும்,
உன் அம்மா