தீயை அணைத்துவிட்டார்களாம்

மார்ச் 4

மேலாளர் கூப்பிட்டார். எரிவாயு ஆலையின் உயரக் குழாய் உச்சியில் இராப்பகலாக எரியும் தீயை, அதாவது ஃப்ளேரை, வெள்ளிக்கிழமைக்குள் அணைத்துவிட வேண்டுமாம். ஊர் கேட்கிறது, பசுமைக் குழு கேட்கிறது, பருவநிலைக்காக நாமும் ஏதோ செய்ததாக இருக்கட்டும் என்றார். அப்போது மிஞ்சுகிற வாயு எங்கே போகும் என்று கேட்டேன். மேலே போகும் என்றார். எரியாமலா? எரியாமல்தான். சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

இவருக்குத் தெரியாதா என்ன? நானும் அவரும் படித்தது ஒரே பொறியியல்தான். பச்சையாக வெளியேறும் வாயு, எரிந்த புகையைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் தீ கண்ணில் படும், வாயு படாது. கண்ணில் படாவிட்டால் பாவமே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 5

நேற்று எழுதியதற்கு மேல் இன்று ஒன்று. மிஞ்சும் வாயுவைப் பிடித்து மறுபடி ஆலைக்கே அனுப்பும் கம்ப்ரஸர் ஒன்று வருவதாக இருந்தது. மல்லுக்கட்டி நான் வாங்கிய ஒப்புதல். தீ அணைந்தால் புகார் இருக்காது, புகார் இல்லாதபோது கம்ப்ரஸர் எதற்கு என்று அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இந்த ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவதே ஆலைச் சம்பளத்தில். ஆலையும் ஓட வேண்டும், காற்றும் பிழைக்க வேண்டும் என்றால் இருந்த ஒரே வழி அது. வயிறு எரிகிறது.

மார்ச் 7

பசுமைக் குழுவின் தலைவி வேறு யாருமில்லை, என் கணவரின் அக்காதான், எனக்கு அண்ணி. மருந்துக்கடை வைத்திருக்கிறார். மூச்சுக்குழல் மருந்து வாங்க வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, கொடியில் காயும் துணியில் கரி படிவதைப் பார்த்துப் பார்த்து, அந்தத் தீயின்மேல் வந்த ஆத்திரம். அதில் பொய் கிடையாது. கடைக்கே போய் எல்லாவற்றையும் விளக்கினேன். முடிப்பதற்குள் அண்ணி சொன்னார்:

"நீ பேசல. உன் சம்பளம் பேசுது."

சம்பளமா பேசுது? சம்பளத்துக்கு வாய் இருந்தா, பொத்திக்கிட்டு இருடின்னுதானே சொல்லும்!

வீட்டில் இவரிடம் சொன்னேன். ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் இவருடையது. அக்காவும் நீயுமாக என்னை நடுவில் போட்டு அரைக்காதீர்கள் என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மார்ச் 8

நான் அணைக்க மாட்டேன் என்றேன். அடுத்த ஷிப்ட்காரர் அணைத்தார். ஊரெல்லாம் கைதட்டல்.

மார்ச் 12

ஆலைக்குப் பாராட்டு விழாவாம். கீரியும் பாம்புமாக இருந்த மேலாளரும் அண்ணியும் ஒரே மேடையில். கேடயம் வேறு தருகிறார்கள். எதற்கு? விஷயத்தை மூடி மறைத்ததற்கா?

மார்ச் 17

இன்று விழா. ஆலை வேலியை ஒட்டிய மைதானத்தில் பந்தல். நான் ஷிப்டில் இருந்தேன்.

நாலு மணிக்கு மேல் காற்று அடங்கத் தொடங்கியது. காற்று நின்றுவிட்டால் வாயுவின் கனமான பகுதி கலையாமல் கீழே இறங்கலாம். கீழே ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. வேலியோரக் கருவிகள் இன்னும் சுத்தம் என்றுதான் காட்டின. ஆனால் அவை அலறும்வரை காத்திருந்தால் அப்புறம் பற்றவைக்கவும் முடியாது, கீழே இறங்கிய வாயுவும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். இப்படி ஒரு நேரத்தில் யாரையும் கேட்காமல் பற்றவைக்க ஷிப்ட் பொறுப்பாளருக்கு விதியே இடம் தருகிறது. பற்றவைத்தேன்.

மேடையில் அப்போதுதான் மேலாளர் கேடயத்தை வாங்கிக்கொண்டிருந்தாராம். போட்டோவில் அவர் தலைக்கு மேலே தீ. சிரிப்பு வந்தது.

மார்ச் 18

சஸ்பென்ஷன். விசாரணை முடியும்வரை தீ அப்படியே எரியட்டும் என்று உத்தரவு.

சாயங்காலம் அண்ணி வந்தார். உட்காரவில்லை. அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று பொரிந்து தள்ளினார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"நீங்க உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் அண்ணி அது இறங்கியிருக்கும்."

அண்ணி குரலை இறக்கி, இத்தனை நாளாக அது எங்கே போனது என்று கேட்டார். நம் எல்லாருக்கும் மேலேதான் என்றேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இந்தத் தடவை குறுக்கே பேசவில்லை.

மார்ச் 23

இவர் மூன்று வேளையும் சாப்பிடுகிறார், பேசுவதில்லை. வேன் ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம். எனக்கு மட்டும் பயமில்லையா? தப்பு செய்தவன் ஏசி அறையில் இருக்கிறான், நாங்கள் ஏன் வீட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிய வேண்டும்?

ஏப்ரல் 2

ஊர்க் கூட்டம். தீ மறுபடி எரிவதற்கு வருத்தம் தெரிவித்து, நாளைக்கே அணைத்துவிடுகிறோம் என்று மேலாளர் தாராள மனதோடு சொன்னார். கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்கூட. அண்ணி எழுந்தார்.

"எரியட்டும் சார். கம்ப்ரஸர் வர்ற வரைக்கும் எரியட்டும். அது எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க."

குழுவில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். இரண்டு பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அவர்கள் அண்ணியின் கடைக்கு வருபவர்கள்தான். போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே அண்ணி நின்றார், உட்காரவில்லை. கேள்வியை இன்னொரு முறை கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல மேலாளர் என்னைத்தான் தேடுவார். பழக்கதோஷம், இன்றும் தன் பக்கத்து வரிசையில் தேடினார். நான் எதிர்ப்பக்கத்தில், அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.