ஒரே பையில் இரண்டு கை

அருப்புக்கோட்டை
14 பிப்ரவரி 1967

கர்த்தருக்குள் பிரியமான மனைவி கனகமணிக்கு இன்பராஜ் எழுதுவது.

இங்கே நான் சுகம். பருத்தி லோடு கொண்டுவந்த உங்கள் ஊர் வண்டிக்காரர் உக்கிரபாண்டியைப் பஜாரில் பார்த்தேன். நீ இளைத்துவிட்டதாகச் சொன்னார். தாயை அடக்கம்பண்ணியவளுக்கு அது இயல்பு. ஆனால் ஒரு மாதம் ஆகியும் நீ அங்கேயே இருப்பது இயல்பல்ல.

அடக்கத்தன்று நீ என்னோடு பேசவில்லை. காரணம் அந்த ஐம்பது ரூபாய் என்று நினைக்கிறேன். உன் தாயாரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நீ கேட்டெழுதினபோது என் நிலைமையை நீ அறிவாய். நம் வீட்டில் ஐந்து டப்பா. பள்ளிக்கூடச் சம்பளம் வந்ததும் முதலில் கர்த்தருடைய டப்பா. பிறகு அரிசி, துணி, விருந்தாளி, எதிர்பாராத செலவு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றினால் அது ஒழுங்கல்ல. எதிர்பாராத செலவில் ஒன்பது ரூபாய் இருந்தது உண்மைதான். உன் தாயார் மூன்று மாதமாகச் சுகமில்லாமல் இருந்தபடியால் அதை எதிர்பாராதது என்று என் மனசாட்சியில் எழுத முடியவில்லை. ஜின்னிங் பாக்டரி வெள்ளத்துரை கேள்விப்பட்டு, தானே வீட்டுக்கு வந்து ஐம்பது ரூபாய் கடனாக நீட்டினார். கடன் வாங்குகிறவன் கொடுத்தவனுக்கு அடிமை ஆகிறான். நான் மறுத்துவிட்டேன். அந்தச் சோதனையை ஜெயித்ததைச் சபையில் சாட்சியாகவும் சொன்னேன். பலர் கண் கலங்கினார்கள்.

நேற்று முன்தினம் ஸ்தோத்திரப் பண்டிகை சிறப்பாக நடந்தது. காணிக்கையாக வந்த காய்கறி ஏலத்தில் வெள்ளத்துரைக்கும் எனக்கும் ஒரு பூசணிக்காயில் போட்டி. நாற்பத்தொரு ரூபாய்க்கு எனக்கு விழுந்தது. பணம் கர்த்தருடைய டப்பாவிலிருந்து எடுத்ததுதான், அதனால் ஒழுங்கு கெடவில்லை. சபைப் பொருளாளர் இப்படி முன்மாதிரியாக இருக்கிறாரே என்று நம் குருவானவர் ஐயர் பீடத்திலிருந்து சொன்னார்.

இனி முக்கியமான சேதி. உன் தாயார் பேரில் இருந்த மூன்று ஏக்கர் கரிசல் இப்போது உன்னுடையது. புருஷனும் மனைவியும் ஒரே மாம்சம். ஆகவே அவர்களுக்கு இரண்டு பை கிடையாது, ஒரே பை. அதை விற்றுக் கோயிலுக்கு ஒரு வெண்கல மணி வாங்கி வைப்பதாகப் பண்டிகையன்றே எழுந்து சொல்லிவிட்டேன். மணியில் நம் பெயர் வரும். அதாவது என் பெயர். ஒரே மாம்சமானபடியால் உன்னுடையதும் அதில் அடங்கும். விற்றுக் கொடுக்கக் கையெழுத்துப் போட நாள் குறித்து எழுது.

உன் புருஷன்,
இன்பராஜ்

&nbsp;

எம்.ரெட்டியபட்டி
2 மார்ச் 1967

என் அன்புள்ள அத்தான் அவர்களுக்கு கனகமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். பூசணிக்காய் நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம்.

அம்மா கடைசி மூன்று நாள் பேச்சு இல்லாமல் இருந்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம், "மாப்பிள்ளை என்னத்தா எழுதியிருக்காக?" என்று கேட்டார்கள். "மணியார்டர் அனுப்பியிருக்காகம்மா, நாளைக்கு வந்துரும்" என்றேன். "அவுகளுக்கு எதுக்குச் செரமம்" என்றார்கள். நான் பொய் சொன்னது பாவம்தான். அதை எந்த டப்பாவில் போடுவது என்று தெரியவில்லை.

நிலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அதிகம் படிக்காதவள். எனக்குச் சில காரியங்கள் விளங்கவில்லை. விளக்கமாக எழுதினால் மனம் தெளியும். ஒரே பை என்றால், நீங்கள் சபையில் சொன்ன வார்த்தைக்கு நான் கட்டுப்பட்டவள் என்பது புரிகிறது. அப்படியே, நான் கர்த்தருக்கென்று ஏதாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதற்கு நீங்களும் கட்டுப்படுவீர்களா? அல்லது பையில் கைவிடுவது புருஷனுக்கு மட்டும்தானா? மனைவி சொன்னதைப் புருஷன் அப்புறம் இல்லையென்று சொல்லலாமா?

பதில் வரும்வரை நிலத்தைச் சும்மா போடாமல் உழுது வைக்கலாம் என்று இருக்கிறேன். ஆவணி, புரட்டாசியில் மழை பெய்தால் பருத்தி விதைக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரசத்துக்குப் புளி குறைத்துப் போடுங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மனைவி,
கனகமணி

&nbsp;

அருப்புக்கோட்டை
19 மார்ச் 1967

பிரியமான கனகமணிக்கு,

உன் கடிதம் எனக்கு மிகுந்த ஆறுதல். கோபக்காரி என்று நினைத்த இடத்தில் கற்றுக்கொள்ளும் மனதைக் கண்டேன். புளி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஐயரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் உருகிப்போனார். பெண்கள் ஐக்கியத்தில் அதை வாசித்து, குடும்பப் பண நிர்வாகம் என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் நானே பேசினேன். வெள்ளத்துரை சம்சாரம் முன்வரிசையில் இருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

உன் கேள்விக்குப் பதில். பை ஒன்று என்றால் ஒன்றுதான். அதில் புருஷன் கை, மனைவி கை என்ற வித்தியாசம் இல்லை. மனைவி கர்த்தருக்கென்று சபைமுன் சொன்ன வார்த்தை புருஷன் சொன்ன வார்த்தை. அவன் அதைச் செலுத்தியே ஆகவேண்டும். "எனக்குத் தெரியாது, அவளாகச் சொன்னாள்" என்று தட்டிக் கழிக்கிறவன் குடும்பத் தலைவனல்ல. சொன்னதை ஒரு மாதத்துக்குள் கட்டவேண்டும். இதைச் சபைக் கமிட்டியில் தீர்மானமாகவே வைத்து நிறைவேற்றினோம். முன்மொழிந்தது நான். வழிமொழிந்தது வெள்ளத்துரை. அவர் எதற்கும் என்னோடு ஒத்துப்போகாதவர், இதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

ஆகவே நான் சொன்ன மணி நீ சொன்ன மணி. கும்பகோணத்துக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன். உழவுக்குச் செலவு செய்யாதே. விற்கப்போகிற நிலத்துக்கு எதற்கு உழவு?

இன்பராஜ்

&nbsp;

எம்.ரெட்டியபட்டி
6 நவம்பர் 1967

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதங்கள் நான்கும் கிடைத்தன. உடனுக்குடன் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். காட்டு வேலை. பட்டா என் பேருக்கு மாறிவிட்டது. நல்ல மழை. பருத்தி முழங்கால் உயரம் நிற்கிறது. பேச்சியும் நானும் களை எடுக்கிறோம். பேச்சி அடுத்த வீட்டுப் பெண், அம்மாவைக் கடைசிவரை தூக்கி உட்காரவைத்தது அவள்தான்.

விற்கச் சொல்லி மறுபடியும் எழுதியிருந்தீர்கள். இந்த மாதம் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்த ஐயர், தகப்பன் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை ராஜாவே கேட்டும் கொடுக்காத ஒரு மனுஷனைப் பற்றிப் பிரசங்கித்தார். அந்த ராஜாவைக் கர்த்தர் என்ன செய்தார் என்றும் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் நேர்ந்துவிடக் கூடாதே என்றுதான் கையெழுத்துப் போடாமல் இருக்கிறேன்.

பை பற்றி நீங்கள் எழுதின கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன்படியே நடப்பேன். பிப்ரவரி ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முடிந்தால் வர யோசனை. வேலை எப்படி இருக்குமோ தெரியாது, எதிர்பார்க்க வேண்டாம்.

கனகமணி

&nbsp;

அருப்புக்கோட்டை
12 பிப்ரவரி 1968

கனகமணிக்கு,

நேற்று பண்டிகை முடிந்தது. நீ வரவில்லை. வராததும் நல்லதுதான். வந்திருந்தால் பெண்களின் அகந்தை எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்திருப்பாய்.

இந்த வருஷம் கூட்டம் அதிகமானதால் பந்தலில் தட்டி மறைத்து, பெண்களை அந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தோம். பெண்களின் பேரைக் கூட்டத்தில் கூவுவது மரியாதையல்ல என்று, ஏலம் விடுகிற கோயில் உபதேசியார் தொகையை மட்டும் சொல்வது ஏற்பாடு. கடைசியில் ஒரு சுரைக்காய் வந்தது. நான் பத்து ரூபாய் கேட்டேன். "பெண்கள் பக்கம் இருபது" என்றார் உபதேசியார். முப்பது என்றேன். ஐம்பது என்றார். வெள்ளத்துரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரத்தை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறார் என்று அப்போதே விளங்கிவிட்டது. மணி வைக்கப்போகிறவன் ஒரு சுரைக்காய்க்குப் பின்வாங்கினான் என்ற பேச்சு வரக் கூடாதல்லவா? நூறு தாண்டினது. நூற்றைம்பது தாண்டினது. ஐயர் எழுந்து நின்றுவிட்டார். இருநூற்று அறுபது வரை நான் கேட்டேன். என் சம்பளம் உனக்குத் தெரியும். "பெண்கள் பக்கம் இருநூற்று எழுபத்தைந்து" என்றதும் நிதானம் வந்து நிறுத்திக்கொண்டேன். தலைவலியாக இருந்ததால் பேர் எழுதும்வரை காத்திராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது நினைக்க எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வெள்ளத்துரை பணக்காரராக இருக்கலாம், ஆனாலும் ஒரு சுரைக்காய்க்கு இருநூற்று எழுபத்தைந்து என்றால் வயிறு எரியும். தீர்மானத்தை வழிமொழிந்தவர் அவரே. மனைவி கேட்டதைப் புருஷன் ஒரு மாதத்தில் கட்டவேண்டும். பொருளாளன் என்ற முறையில் ஒரு காசு குறைக்கமாட்டேன். ஒரு நாள் தவணையும் தரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வைத்தே கேட்பேன்.

இன்பராஜ்

&nbsp;

எம்.ரெட்டியபட்டி
15 பிப்ரவரி 1968

என் அன்புள்ள அத்தான் அவர்களுக்கு கனகமணி ஸ்தோத்திரம்.

உங்களுக்குத் தலைவலி என்று வாசித்ததும் வருத்தமாக இருந்தது. சுக்கு அரைத்துப் பற்றுப் போடுங்கள்.

சுரைக்காய் எடுத்தது நான்தான். காலை பஸ்ஸுக்கு வந்து, ஆராதனை ஆரம்பித்த பிறகு போய் வெள்ளத்துரை மதினி பக்கத்தில் உட்கார்ந்தேன். மதினி என்னை எச்சரிக்கத்தான் செய்தார்கள். நூறு தாண்டினபோது கையைப் பிடித்து, "ஏ கனகு, அங்கிட்டு கேக்குறது ஒன் வீட்டுக்காரருடீ, தெரியுமா தெரியாதா?" என்றார்கள்.

"தெரியும் மதினி. அவுக நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுக் காசத்தானடி ஏத்திவிடுறீக?"

"ஆமா மதினி. யாருக்கு விழுந்தாலும் ஒரே பைதான்."

மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். அப்புறம் தலை நிமிரவே இல்லை. நீங்கள் பத்து ரூபாயோடு நிறுத்தியிருந்தால் இருபதோடு போயிருக்கும். நீங்கள் ஏற்ற ஏற்ற, குடும்பத் தலைவர் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது மனைவி கஞ்சத்தனம் காட்டலாமா என்று தோன்றினது.

பேரை உபதேசியாரிடம் "இன்பராஜ் சார் சம்சாரம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்துரை அண்ணனிடம் கேட்க வேண்டாம். உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போன வருஷம் நான் ஐம்பது ரூபாய் கேட்டபோது பை திறக்கவில்லை. அதில் இருந்த சிக்கல் எனக்குத் தெரியாமல் இருந்தது. கர்த்தர் பேரைச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று இப்போது கற்றுக்கொண்டேன்.

காய் முற்றல். கூட்டுக்கு ஆகவில்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மனைவி,
கனகமணி

&nbsp;

அருப்புக்கோட்டை
13 மார்ச் 1968

கனகமணிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை மாலைதான் வந்தது. கட்டவேண்டியவர் வெள்ளத்துரை, தவணை கிடையாது என்று நான் ஏற்கெனவே ஐயரிடமும் கமிட்டிக்காரர்களிடமும் சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் ஆராதனையில் அவரே எழுந்து, பொருளாளர் தீர்மானத்தை வாசிக்கட்டும் என்றார். வாசித்தேன். பிறகு உபதேசியார் பேரை வாசித்தார். சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

கமிட்டியில் தவணை கேட்டேன். தவணை இல்லை என்று நான்தானே பேசித் தீர்மானித்தேன் என்று நினைவூட்டினார்கள். வெள்ளத்துரை முழுத் தொகையும் கடனாகத் தருவதாகச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் வாங்கவில்லை. மணிக்குச் சேர்த்த பணம், சைக்கிள், கைக்கடிகாரம், ஐந்து டப்பாவில் இருந்தவை எல்லாம் போட்டு நேற்று முன்தினம் கட்டிவிட்டேன். ரசீதில் கையெழுத்துப் போட்டதும் நானே. கும்பகோணத்து முன்பணம் போனது போனதுதான். பொருளாளர் வேலையை வெள்ளத்துரையிடம் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறேன். ராத்திரியில் பொங்குவதில்லை. இதெல்லாம் உன் மனம் குளிரட்டும் என்று எழுதவில்லை. நீ செய்தது என்ன என்று தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

ஐம்பது ரூபாயை நான் அன்றைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தாலும் உன் தாயார் பிழைத்திருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்?

கடைசியாக ஒன்று. நிலத்தை என் பேருக்கு எழுதின பத்திரத்தோடு வந்தால் இந்த வீட்டு வாசல் திறந்திருக்கும். பத்திரம் இல்லாமல் வர வேண்டாம். இது குடும்பத் தலைவனாக நான் இடும் கட்டளை.

இன்பராஜ்

&nbsp;

எம்.ரெட்டியபட்டி
21 ஏப்ரல் 1968

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கட்டளை கிடைத்தது. பத்திரம் இல்லாமல் வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் பத்திரம் இல்லை. எழுதப்போவதும் இல்லை. ஆகவே சொன்னபடி கேட்டு இங்கேயே இருந்துகொள்கிறேன். வெள்ளத்துரை மதினி கேட்டெழுதினபோதும், அவுக சொல்லை நான் மீறமாட்டேன் என்றுதான் பதில் போட்டேன்.

அம்மா பிழைத்திருப்பார்களா என்று யாரும் சொல்ல முடியாது என்பது சரிதான். நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ச் செத்திருந்தால் நான் அவர்களிடம் பொய் சொல்லியிருக்க வேண்டாம். அவ்வளவுதான்.

பருத்தி நன்றாக விளைந்தது. மூன்றாவது எடுப்பு முடிந்து, போன வியாழக்கிழமை உக்கிரபாண்டி அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே அருப்புக்கோட்டைக்கு வந்தேன். திருச்சுழி ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கு முந்தின புளியமரத்தடியில் நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள். நல்ல வெயில். குடையில்லை. செருப்பைக் கையில் பிடித்திருந்தீர்கள், வார் அறுந்திருக்கும்போல. அண்ணன்தான் முதலில் பார்த்தார். மாட்டை இழுத்துப் பிடித்து, "தாயி, சார் நடந்து போறாரு. ஏத்திக்கிருவமா?" என்று கேட்டார்.

நான் உங்கள் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லோடு கூடிப்போச்சுண்ணே. நீங்க வண்டிய விடுங்க" என்றேன்.

கனகமணி