இரண்டு விரல் நல்ல தண்ணீர்

ராயபுரம்
4.3.2000

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். ஷார்ஜா வெயில் உங்களை வாட்டாமல் அல்லாஹ் காக்கட்டும். எனக்கு ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது. உங்கள் மூத்த பிள்ளையும் சுகம்தான். அதுதான், கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனீர்களே, அந்த உயிருள்ள பூத்தொட்டிப் பவளம். காலையில் விளக்குப் போட்டதும் சாமந்திக் கொத்தாக விரிகிறது. அணைத்தால் சுருங்கிக் கல்லாகிவிடுகிறது.

தொட்டியில் வாரத்துக்கு இரண்டு விரல் தண்ணீர் வற்றுகிறது. நீங்கள் சொன்னபடி லூர்து அண்ணன் படகில் போகும்போது நடுக்கடல் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து தருகிறார். "இன்னாம்மா, கடலையே குடிச்சிடும் போல கீது உன் தொட்டி!" என்று கேலி வேறு. நேற்று நாக்கில் தொட்டுப் பார்த்தேன், கடலைவிடக் கரிக்கிறது. குழம்பு சுண்டினால் வெறும் தண்ணீர்தானே ஊற்றுவோம்? இதற்கும் நல்ல தண்ணீர் ஊற்றட்டுமா?

உங்கள் ஜஹானாரா

ஷார்ஜா
19.3.2000

ஜஹானா கண்ணு,

ஸலாம். நல்ல தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது! கடலில் பிறந்ததற்குக் கடல் தண்ணீர்தான். காசிமேட்டுக் காற்றைத் தின்று வளர்ந்தவனுக்கு நீ கடலைச் சொல்லித் தருகிறாயா? உன் குழம்புப் புத்தியை அடுப்படியோடு வைத்துக்கொள். கோபமில்லை, சும்மா சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைக்குப் பெயர் நான்தான் வைப்பேன், எழுதி அனுப்புகிறேன்.

உன் தவ்ஃபீக்

ராயபுரம்
6.5.2000

மச்சான்,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பூ செத்துவிட்டது. பத்து நாளாக அரைகுறையாகத்தான் விரிந்தது. இன்று விளக்குப் போட்டால் ஒரு இதழ்கூட வெளியே வரவில்லை. சதை கரைந்து மிதக்கிறது, உள்ளே வெள்ளை எலும்பு தெரிகிறது. ஐயோ என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு தங்கபுஷ்பம் அக்கா, வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தார். நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

உங்கள் ஜஹானாரா

ஷார்ஜா
20.5.2000

ஜஹானாரா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். மண்டபம் ஊரில் கடலில் முக்குளிக்கிறவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த உயிர் அது! என்ன ஊற்றினாய்? நல்ல தண்ணீர்தானே? பொய் சொல்லாதே. ஒரு பூவைக் காப்பாற்றத் துப்பில்லாத நீ என் பிள்ளையை எப்படி வளர்க்கப் போகிறாய்?

தவ்ஃபீக்

ஷார்ஜா
14.7.2000

என் ஜஹானாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இங்கே வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் மதார் சாகிப்பிடம், நம் தண்டையார்பேட்டைக்காரர், இன்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "தண்ணி ஆவியா பூடும். உப்பு எங்க நைனா போவும்? அதும் மேலயே கடத்தண்ணிய ஊத்திகினு இருந்தா உப்பு ஏறிகினேதான போவும்? வத்தினதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

அறைக்கு வந்து உன் மார்ச் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நீ கேட்டிருக்கிறாய், ஜஹானா! கொன்றது நான். என் மே மாதக் கடிதத்தின் கடைசி வரியை எழுதிய கையை என்ன செய்வது? மன்னித்துவிடு. தனித் தாளில் பத்துப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். எது பிடிக்கிறதோ நீயே எடுத்துக்கொள்.

உன் தவ்ஃபீக்

வண்ணாரப்பேட்டை
2.8.2000

ஜனாப் தவ்ஃபீக் அவர்களுக்கு,

ஸலாம். ஜூலை ஒன்பதாம் தேதி அம்மா வீட்டில் பெண் பிறந்தாள். ஏழாம் நாளே ஃபிர்தௌஸ் என்று பெயர் வைத்துவிட்டோம். உங்கள் பெயர்த் தாள் அதற்குப் பிறகுதான் வந்தது. மடித்தபடியே இருக்கிறது.

மதார் சாகிப் சொன்னதும் நம்பிவிட்டீர்கள். நான் சொன்னபோது குழம்புப் புத்தி என்றீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பிள்ளையைப் பற்றி எழுதினீர்களே ஒரு வரி, அது பிரசவ வலியிலும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ராயபுரம் வீட்டுச் சாவி லூர்து அண்ணனிடம் இருக்கிறது, ஊருக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அங்கே வரமாட்டேன். பிள்ளை நன்றாக வளர்கிறாள்.

ஜஹானாரா