விட்டுப்போன ஒரு சைபர்

ஜூன் 10, செவ்வாய்

அப்பாவின் ஆக்சிஜன் சிலிண்டர் இன்று மதியமே தீர்ந்துவிட்டது. தம்பி திலீப் தோளில் சுமந்துபோய் மாற்றிக்கொண்டு வரும்வரை அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். இப்போது வாசல் வரை நடந்தால் உதடு நீலமாகிறது. டாக்டர் வாங்கச் சொன்ன ஆக்சிஜன் மெஷின் ஐம்பத்தைந்தாயிரம். மீன்பிடித் தடைக்காலம் முடியும்வரை தம்பி கடலுக்குப் போக முடியாது. நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில் கேட்ட முன்பணம் இன்னும் வரவில்லை.

ஜூன் 11, புதன்



சாப்பாட்டு நேரத்தில், தினமும் பார்ப்பதுபோல அந்த மெஷினைப் போனில் பார்த்தேன். 5,490. நேற்று 54,900. யாரோ ஒரு சைபரை விட்டுவிட்டார்கள். தெரிந்தேதான் வாங்கினேன். இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விலை போட்டது அவர்கள். நான் பூட்டை உடைக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆன்லைன் கம்பெனிக்கு இது ஒரு தூசு. சரி, அப்பாவுக்கு ஒன்று போதுமே, திலீப்புக்கு ஏன் லிங்க் அனுப்பினேன்?

அவன் ஆறு வாங்கியிருக்கிறான். அவன் தோஸ்துகள் பன்னிரண்டு. “இன்னாக்கா, சும்மா குடுக்குறான், ஒண்ணோட நிறுத்திக்கினியே!” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜூன் 12, வியாழன்

காலையில் ஒரு புது நம்பர்.

“அம்மா, என் பேரு தவசிமுத்து. ராயபுரத்துல மெடிக்கல் சாமான் கடை வச்சிருக்கேன். நீங்க வாங்குன மெஷின் எங்க கடைதான் ஆன்லைன்ல போட்டது. விலை போடும்போது ஒரு சைபர் விட்டுப்போச்சு. நீங்களா கேன்சல் பண்ணிருங்கம்மா. நாங்க பண்ணுனா சைட்டுக்காரன் எங்களத் தூக்கிருவான், அப்புறம் யாவாரமே கெடையாது.”

கம்பெனி என்று நினைத்தது ஒரு அண்ணாச்சி கடை. பஸ்ஸில் இருபது நிமிஷம்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். நான் வைக்கும்வரை அவர் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

திலீப்பிடம் சொன்னேன். “நீ இன்னாத்துக்குப் போனை எடுத்த? அவன் தப்பு, அவன் பாத்துக்கினு போறான்.”

சாயங்காலம் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மெஷின் வந்துவிட்டது. தம்பி இன்று கடலுக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மாட்டினேன். அப்பா மூன்று மணி நேரம் படுத்துத் தூங்கினார். அவர் படுத்துத் தூங்கி எத்தனை மாதம் ஆகிறது! பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம்தான். ஆனால் மெஷின் விடும் மூச்சு அன்று போனில் கேட்டது மாதிரியே இருக்கிறது.

விழித்ததும் கேட்டார்: “எவ்ளோம்மா ஆச்சு?”

“ஆபீஸ்ல லோன் போட்டேன்பா.”

ஜூன் 20, வெள்ளி

அந்த நம்பரிலிருந்து நான்கு நாளாக அழைப்பே இல்லை. நிம்மதியாக இருக்கவேண்டும். இல்லை.

ஜூன் 28, சனி

காலையில் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பீப் பீப் என்று விடாமல் சத்தம். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெட்டியில் ஒட்டியிருந்த சர்வீஸ் நம்பரைத் தேடினால் — அதே நம்பர். இந்த முறை நான் அடித்தேன். சுவிட்ச் ஆஃப்.

அப்பாவைப் பழைய சிலிண்டரில் மாட்டிவிட்டு ராயபுரம் ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அண்ணாச்சியின் மனைவி, ஞானபாக்கியம் என்று பெயர், வெறும் அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஊருக்குப் போயிருக்கிறாராம், கடன் கேட்க.

விளக்கு எரிவதைச் சொன்னேன். “எண்ணூர்ப் பக்கமா வீடு?” என்றார். திருவொற்றியூர் என்றேன். “கரண்ட் பிளான்ட் சாம்பல் அடைச்சிருக்கும். பில்டரை மாத்துங்க, சரியாப்போவும்.” ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “கடைதான் மூடுதோமே, இதுக்கு என்ன காசு?”

ஏன் என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டேன்.

“பத்தொம்பது மெஷின் போச்சும்மா. அந்தக் கடனுக்கு, வாடகைக்கு விட்டிருந்ததையெல்லாம் திருப்பி வாங்கி வித்தோம். கொருக்குப்பேட்டையில நீலான்னு ஒரு பொம்பள, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். மெஷினைத் தூக்கும்போது அவரு கையே ஓடலன்னாரு. அரசாங்க ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லிட்டு வந்தாரு. இப்ப எப்படி இருக்காளோ.”

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “நீங்க எப்ப வாங்குனீங்க?”

“போன வருஷம்.”

வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூலை 1, செவ்வாய்

திலீப் நான்கை விற்றுவிட்டான். பரணில் இரண்டு இருக்கிறது. நீலாவுக்குக் கொடுக்க ஒன்று கேட்டேன்.

“பைத்தியமா உனுக்கு? ஊரே வாங்குச்சு. நீ மட்டும் இன்னா தியாகியா?”

“நான்தான்டா அந்த லிங்கை அனுப்புனேன். நான்தான்!”

கத்திவிட்டேன். அப்பா உள்ளேயிருந்து “இன்னாம்மா சத்தம்?” என்றார்.

ஜூலை 4, வெள்ளி

லீவு போட்டேன். தம்பி கடலில் இருக்கும்போது பரணிலிருந்து ஒன்றை இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன். ராயபுரம் போய் நீலாவின் விலாசம் வாங்கிக்கொண்டு, ரயில்வே லைனை ஒட்டிய சந்துக்குப் போனேன். கதவைத் திறந்தது நீலாவின் கணவர் அன்பரசன். தலை மழித்திருந்தது.

பெட்டியைப் பார்த்தவர், “அண்ணாச்சி அனுப்புனாரா?” என்றார்.

பெட்டியை வாசலில் இறக்கிவைத்தேன்.

“போன ஞாயித்துக்கெழம போய்ட்டாம்மா. ஆஸ்பத்திரில இடம் கெடைக்கவே ரெண்டு நாள் ஆச்சு. மெஷின் இருந்துருந்தா மட்டும் பொழச்சிருப்பாளா, யாரு கண்டா? அண்ணாச்சி மேல எனுக்குக் கோவம் இல்லன்னு சொல்லு.” உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

அதே ஆட்டோவில் பெட்டியோடு திரும்ப ராயபுரம். ஞானபாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன் — லிங்க், பத்தொன்பது, எடுக்காத போன், போன வருஷம் என்ற பொய். எங்கள் மெஷினுக்கு மீதிப் பணத்தை மாதாமாதம் தருகிறேன் என்றேன். நீலா இறந்ததை மட்டும் கடைசியில் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார்.

“அதை உள்ள வச்சிட்டுப் போ” என்றார். முதல் தடவையாக ‘போ’ என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

திலீப் என்னோடு பேசுவதில்லை. இன்னொரு பெட்டியையும் விற்றுவிட்டான்.

மதியம் அப்பாவிடம் சொன்னேன். லோன் போடவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். பாதியிலேயே குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு பேரு இன்னா சொன்ன?”

“நீலா.”

உதடு நீலமாகத் தொடங்கியது. “மாட்டிக்கப்பா” என்றேன். தலையசைத்து மறுத்தார். நான் கையைப் பிடித்தேன், உதறினார். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு மூச்சு முட்டவே, தானே குழாயை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.