கடற்கரைக் கடையில் பெண் பார்த்தது

ஜூன் 3, செவ்வாய்

மழை. காலை ஆறு மணியிலிருந்து விடவே இல்லை. பி.கா.வில் பதினொரு பிள்ளைகள்தான். (பிள்ளைக்காம்பரா என்று முழுசாக எழுதக் கை வலிக்கிறது. தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனால் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் இடம்.) ஒருத்தனுக்குக் காலில் அட்டை. சோப்புத் தண்ணி ஊற்றி எடுத்தேன்.

சாயந்திரம் ராசு மாமா வந்தார். மஸ்கெலியாவில் வேன் ஓட்டுகிறவர், கல்யாணமும் பேசி முடிப்பவர். வத்தளை மாப்பிள்ளை வீட்டில் படம், சாதகம் இரண்டும் பிடித்துவிட்டதாம். பெண் பார்க்க எப்போது வருகிறார்கள் என்று அம்மா கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"அவங்க வரலக்கா. நீங்கதான் நீர்கொழும்புக்கு வரணுமாம். கடலோரமா ஒரு மீன் சாப்பாட்டுக் கடை இருக்காம். சும்மா ஒண்ணா ஒக்காந்து சாப்புட்டுக்கிட்டே பேசலாங்கறாங்க."

"பொண்ணு பாக்குறவங்க வீட்டுக்குத்தானே வரணும்? கடையிலயா பாப்பாங்க? எம்புள்ள என்ன நண்டா, எறாலா, தட்டுல வச்சுப் பாக்க?"

மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்.

அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 4, புதன்

மழை கொஞ்சம் குறைவு. பிள்ளைகளின் துணி ஒன்றும் காயவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது போனில் அந்தக் கடையைத் தேடினேன். போனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். "நண்டு பிரமாதம்." "ஈத் தொல்லை." "ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள், ஆனால் சூரியன் மறைவது அழகு." "குடும்பத்தோடு போகலாம்." எந்தக் குடும்பத்தோடு என்று ஒருவரும் எழுதவில்லை.

போகலாம் என்பதற்கு:
– எங்கள் லயம், இந்தத் தோட்டத்து வரிசை வீடு, அவர்கள் கண்ணில் படாது. இதுவரை வந்த இரண்டு வரனும் கூரைத் தகரத்தைத்தான் பார்த்தார்கள். கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.
– வயது 32.
– மாமாவின் வேன் இருக்கிறது.
– நண்டு சாப்பிட்டதே இல்லை. (எழுத வெட்கம். ஆனால் உண்மை.)

வேண்டாம் என்பதற்கு:
– லயம் ஏன் கண்ணில் படக்கூடாது?
– போக ஐந்தாறு மணி நேரம். கினிகத்தேனை வளைவில் அப்பாவுக்கு வாந்தி நிச்சயம்.

மேலே உள்ள பட்டியல் நீளம். அதனால் போவதா? இப்படியெல்லாம் முடிவெடுக்க முடியுமானால் நல்லாத்தான் இருக்கும்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா முதன்முதலாக வாயைத் திறந்தார். "நீர்கொழும்பு மீனுதான் ஞாயித்துக்கிழம சந்தைக்கே வருதே. நாம எதுக்கு மீனப் பாக்கப் போகணும்?" அம்மா சிரித்துவிட்டாள். நானும்.

பிறகு அப்பா, "ஒனக்குப் புடிச்சிருந்தா போவோம் தாயி," என்றார். பிடித்திருக்கிறதா? படத்தில் நல்ல முகம். தினேஷ். கொழும்பில் ஏதோ கம்பெனியில் கணினி வேலை. போனில் ஒருமுறை பேசினார். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டார். அதற்கே கண்ணாடி முன்னால் போய் நின்றேன், சை.

ஜூன் 6, வெள்ளி

போகிறோம். மாமாவிடம் சொல்லியாயிற்று.

அவர் திரும்பக் கூப்பிட்டு இழுத்து இழுத்துச் சொன்னது: "அப்பாவ சாரத்தோட வர வேணாம்னு சொல்றாங்க புள்ள. கால்சட்ட இருந்தாப் போட்டுக்கச் சொல்லு." அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம், பயணத்துக்கு வசதியாக இருக்கும் என்று சொல்லி ஒரு கால்சட்டையை அயன் பண்ணிவைத்தேன். தொழிற்சாலையில் ஓய்வு கொடுத்த அன்று போட்டது. இடுப்பு தொளதொளவென்று இருக்கிறது. ஊக்கு குத்த வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கும் மனசில்லை. எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

நேற்றுக் காலை ஐந்துக்குக் கிளம்பினோம். கினிகத்தேனையில் அப்பா வாந்தி. வழியில் மாமா ஒரு சேதி சொன்னார்: மாப்பிள்ளையின் அம்மா பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில். "வெளிய சொல்லிக்கிறதில்ல. நீங்களும் கேட்டுராதீங்க." அம்மாவுக்கு அதில் ஒரு தெம்பு. "அப்ப நம்ம ஆளுதானே," என்றாள்.

கடல் சேற்று நிறம். சிவப்புக் கொடி நட்டிருந்தது. கடை என்றால் மணலில் ஓலைக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஐஸ் பெட்டியில் மீன். போனில் எழுதியது சரிதான், ஈ அதிகம்.

தினேஷும் அவர் அம்மாவும் முன்பே வந்திருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல கலரா இருக்கீங்க, படத்துல தெரியல." தினேஷ் நேரில் இன்னும் மெலிவு. என்ன புத்தகம் படிப்பேன் என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பதிலையும் கவனித்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த அரை மணி நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு வெயிட்டர் வந்தான். கறுப்புச் சப்பாத்து, இடுப்பில் பெல்ட், கையில் நோட்டும் பேனாவும். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

நோட்டும் பேனாவுமாக வருகிறவர் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும் கண்டாக்கு, கணக்கப்பிள்ளை, துரை, எல்லாரும் அப்படித்தானே வருவார்கள். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பாடு தயாரானதும் கூப்பிடுவதற்காக, "நம கியன்ன அங்கிள்," பேர் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

அப்பா கையைப் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "முத்தையா. நூத்திப் பதினேழு. மேல் டிவிசன்."

பையன் எழுதிக்கொண்டே, நூற்றுப் பதினேழாம் மேசையா, இங்கே இருபதுதான் இருக்கிறது என்றான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். தினேஷ் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, உண்மையிலேயே அது என்ன நம்பர் என்று அவருக்குத் தெரியவில்லை. "என்ன அங்கிள், லொத்தர் சீட்டு நம்பரா?"

அவர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும். தோட்டத்துப் பேரேட்டில் அவர் அப்பாவுக்கும் இப்படி ஒரு நம்பர் இருந்திருக்கும். முகம் வெளுத்துப்போய்க் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாக, "அதெல்லாம் இங்க சொல்லாதீங்கண்ணே," என்றார்.

நான் என்ன செய்தேன்? அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஒக்காருப்பா!" பிள்ளைகளைக்கூட நான் அப்படி அதட்டியதில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காக இல்லை, எனக்காக. இதை எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன்.

அப்பா உட்கார்ந்தார். பையன் சோற்றைக் கொண்டுவந்தான், அப்பா பாதி எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு, பாதியிலேயே நின்றார். பிறகு தண்ணீர் கொண்டுவந்தபோதும் அப்படியே. நண்டை அவர் தொடவே இல்லை. சோற்றையும் பருப்பையும் பிசைந்து சாப்பிட்டார்.

நண்டு நல்ல நண்டு. அதையும் எழுதத்தான் வேண்டும்.

திரும்பி வரும்போது அவிசாவளையில் அம்மா, "தாம் பொறந்த எடத்த மறந்துட்டு எப்பிடித்தான் இருக்காங்களோ," என்றாள்.

ஜூன் 11, புதன்

மழை, காற்று. பி.கா. கூரையில் ஒரு தகரம் ஆடுகிறது. ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன்.

தினேஷ் கூப்பிட்டார். அவர்களுக்குச் சம்மதம்! முதலில் அதுதான் காதில் விழுந்தது.

பிறகு மிச்சம். கல்யாணம் வத்தளையில் மண்டபத்தில். கம்பெனி ஆட்கள் வருவார்கள். "தாரை வார்க்கிறதுக்கு எங்க சித்தப்பா சித்தி இருக்காங்க. உங்க அப்பா அம்மா முதல் நாளே வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டு... அவங்களுக்கும் அன்னைக்குக் கஷ்டமா இருக்கும், இல்லையா? நேத்து பாத்தோமே."

நேற்று இல்லை, ஞாயிற்றுக்கிழமை. அதைத்தான் திருத்தினேன், மடச்சி மாதிரி. "ஞாயித்துக்கிழம," என்றேன்.

"இது நீங்க நினைச்சதா, உங்க அம்மா நினைச்சதா?" என்று கேட்டேன். "அம்மா பாவம், அவங்க பயந்துபோயிட்டாங்க," என்றார். அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். நல்லபடியாகத்தான் சொன்னேன். வைத்த பிறகு பால்மா டின்னை எடுத்துச் சுவரில் அடித்தேன். இரண்டு பிள்ளைகள் எழுந்து அழுதார்கள்.

ஜூன் 12, வியாழன்

ராசு மாமா வீதியிலேயே நிறுத்திக் கத்தினார். "முப்பத்திரண்டு வயசுல ஒனக்கு ரோசம் வேற! இனி யாரு வருவா சொல்லு?" வீட்டில் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்று கெஞ்சினேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

வீட்டில், அவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லி வைத்தேன்.

போன் கேட்கிறது: நீங்கள் போன இடம் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று. அத்தனை தூரம் போகலாமா என்று இன்னொருத்தி பார்ப்பாளே என்று மூன்று கொடுத்தேன். "நண்டு நல்லது. ஈ அதிகம்." வேறு என்ன எழுத? அந்த வெயிட்டர் பையன்மேல் குற்றமில்லை. போகும்போது அவன்தான் அப்பா கையைப் பிடித்து மணலில் நடத்திக்கொண்டு வந்தான்.

ஜூன் 14, சனி

மழை. அரை நாள். பிள்ளைகள் ஏழு.

பதினொரு மணிக்கு அப்பா வந்தார். பி.கா. பக்கம் வரவே மாட்டார். மழைக்குத் தலையில் போட்டிருந்த உரச்சாக்கை வாசலில் உதறிவிட்டு நின்றார்.

"ராசு ஒண்ணும் சொல்லலயா?"

"இல்லப்பா."

"என்னாலதானே?"

"அதெல்லாம் இல்ல. மழையில ஏன் வந்தீங்க?"

கேட்காதது மாதிரி உள்ளே வந்தார். பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சு வரை வந்துவிட்டது.

"இன்னொருக்கா கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு தாயி. எந்திரிக்க மாட்டேன். யாரு வந்தாலும் ஒக்காந்தே இருப்பேன். பேரு கேட்டா பேர மட்டுந்தான் சொல்லுவேன்."

சொல்லியும் காட்டினார். உட்கார்ந்தபடியே, மெதுவாக, என் முகத்தைப் பார்த்து.

"முத்தையா."

நான்தான் வேண்டாம் என்றேன் என்று இன்னும் சொல்லவில்லை.