கடல் துறந்தவன் மகளுக்கு உரிய பங்கு

மழை பருவம் தவறாது பொழிக. அலை கரையின் சொல் கேட்டு நிற்க. நீதி கேட்டு வருவோர்க்கு வாயிற்கதவு திறந்தே இருக்க. வெண்குன்ற நாட்டையும் அதன் கீழைக் கடற்கரையையும் ஒரு குடைக்கீழ் ஆண்டருளும், வலம்புரி இலச்சினைக்கு உரிய அரசி குவளைமாதேவியாரின் ஆணைப்படி, கானல்துறையின் தலைவரும், துறை மன்றத்தின் நடுவரும், முத்துக் குளிப்போர்க்குக் காவலருமான சேந்தனார் காண விடுக்கும் ஓலை. சேந்தனாரின் இல்லமும் துறையும் நலமே திகழ்க. அவர் அனுப்பிய கருவாடு அரண்மனை சேர்ந்தது. அது பற்றி மடைப்பள்ளியார் தனியே மகிழ்ந்து எழுதுவர். இவ்வோலை வேறு பொருள் பற்றியது, விரைந்து படிக்கத் தக்கது.

கானல்துறை உப்பளத்தில் முன்பு வேலை பார்த்த நன்னி என்பவள், சேந்தனார் வழங்கிய தீர்ப்பை ஏற்க மாட்டாமல், தன் குழந்தையைச் சில நாளைக்கு மட்டும் அண்ணன் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, நடந்தே தலைநகர் வந்து அரண்மனை வாயிலில் நின்றாள். நாளை வா என்று வாயிற்காவலர் சொன்னாராம். நாளைக்கு வர எனக்குக் கால் இருக்கிறது ஐயா, என் பிள்ளைக்குத்தான் நாள் இல்லை என்று அவள் போட்ட சத்தம் உள்மாடம் வரை கேட்டது. ஆகவே அன்றே அழைக்கப்பட்டாள். மறுதரப்புக் கேளாமல் முடிவு சொல்வது மரபன்று என்பதால், முத்துக் குளிப்பவனான அவள் கணவன் மாவலனையும், அவளுடைய அண்ணன் கீரனையும், துறையின் சிப்பிக் கொட்டகைக் காரியக்காரரையும் குதிரை வண்டி அனுப்பி வரவழைத்தார் அரசியார்.

செய்தி சேந்தனார் அறிந்ததே ஆயினும், முறைப்படி இங்கு மீண்டும் எழுதப்படுகிறது. நன்னியும் மாவலனும் சென்ற மழைக்காலத்தில் பிரிந்தார்கள். அவர்களுக்கு அரும்பு என்று ஒரு பெண் குழந்தை. இன்னும் பேச்சு திருந்தாத வயது. மார்புச் சளியால் இரவெல்லாம் இழுப்பு. பிரிந்த பெற்றோர் இருவரும் தத்தம் வருவாய்க்கு ஏற்பப் பிள்ளையின் பங்கை மன்றத்தில் கட்ட வேண்டும் என்பதும், கட்டாது போனால் பிள்ளை தலைநகர் அறச்சாலைக்கு அமாவாசை வண்டியில் அனுப்பப்படும் என்பதும் இந்நாட்டுச் சட்டம். இதில் மாவலன் செய்தது என்னவென்றால், மன்றம் கூடுவதற்கு முதல் நாள் கரைக்கோயிலுக்குப் போய், கடல்நீரைக் கையில் ஏந்திக் கீழே விட்டு, கடலை விட்டேன் என்று மும்முறை சொல்லிவிட்டான்.

அச்சொல்லின் வலிமை உள்நாட்டார் பலர் அறியார். காது உடைந்தவனையும் நெஞ்சு நொந்தவனையும் கடன் கொடுத்தோர் கட்டாயப்படுத்திக் கடலில் இறக்கிக் கொன்ற கொடிய காலம் ஒன்று இருந்தது. அதன் பின் எழுந்த வழக்கம் இது: கடலை விட்டேன் என்று சொன்னவனை அரசரும் நீரில் இறக்க முடியாது, அவன் கடல் வருவாயைக் கேட்டு எவரும் வாசலில் நிற்க முடியாது. கானல்துறையார் தம் தெய்வத்துக்கு அடுத்தபடியாக மதிப்பது இவ்வழக்கத்தையே. சேந்தனாரும் மதித்தார். எனவே மாவலன் வருவாய் ஒன்றுமில்லை என்று எழுதினார். நன்னிக்கோ கை கால் நன்றாக இருக்கின்றன. எந்த உறுதியும் அவள் சொல்லவில்லை. உப்பளத்தில் அவளுக்கு இடம் காலியாக இருந்தும் தானே விட்டு நின்றாள். ஆகவே உப்பளக் கூலி அவள் பெறுவதாகவே கொண்டு, பிள்ளையின் பங்கு முழுவதையும் அவளே கட்டுக என்று தீர்ப்பளித்தார். அவளால் கட்ட முடியவில்லை. அரும்பின் பெயர் வண்டிக்கு எழுதப்பட்டது.

அரசியார் அத்தீர்ப்பை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். எங்கும் பிழை தென்படவில்லை. படியெல்லாம் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார், ஏறிப் போனால் வீட்டைத்தான் காணோம் என்று அருகிலிருந்த தோழியிடம் சொன்னார். சேந்தனார் இதை இகழ்ச்சியாகக் கொள்ள வேண்டாம். அவர் நேர்மையில் அரசியார்க்கு ஐயம் இல்லை. அந்நேர்மையே இவ்வழக்கை இத்தனை கடினமாக்கியது.

அவையில் நன்னி முதலில் பேசினாள். உப்பளத்தை ஏன் விட்டாய் என்று கேட்கப்பட்டபோது, அம்மா, உப்புக் காற்று பட்டால் பிள்ளைக்கு மூச்சு நிற்கிறது, வீட்டில் விட்டுப் போனால் இழுப்பு வரும்போது நிமிர்த்திப் பிடிக்க ஆளில்லை, அண்ணன் மனைவிக்குத் தன் பிள்ளைகளே கைகொள்ளாமல் இருக்கின்றன, நான் என்ன ஊஞ்சலிலா ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று மறுமொழி சொன்னாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, இவர் கடலைத்தான் விட்டார், சோற்றை விடவில்லையே, நாளும் சத்திரத்தில் மூன்றாம் முறை மோர் கேட்கிறாராம் என்றாள். அவையில் சிலர் சிரித்தனர். மாவலன் தலை குனியவில்லை.

அவன் பேச்சைச் சேந்தனார் முன்பும் கேட்டிருக்கிறார். அவள் என் வீட்டை விட்டுப் போனாள். அவள் அடுப்பு எரிய நான் நீருக்குள் மூச்சடக்க வேண்டுமா. என் மூச்சு, என் விருப்பம் என்றான். அரசியார் சினம் கொள்ளவில்லை. அவள் அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, உன் மகளின் பாலைப் பற்றித்தான் கேட்கிறோம் என்று மட்டும் சொல்லி, உடம்பில் ஏதேனும் குறை உண்டா என்று வினவினார். அரண்மனை மருத்துவர் காதையும் நெஞ்சையும் பார்த்து, இவன் இன்னும் பல ஆண்டுகள் முத்துக் குளிக்கலாம் என்றார். அவ்வளவில் வழக்கு முடிந்தது என்று அவையோர் எண்ணினர்.

அப்போதுதான் கீரன் வாய் திறந்தான். முத்துக் குளிப்பவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாகவே இருக்க வேண்டும் என்பது துறையின் வழக்கம். தங்கை தாலி அறுவதை எந்த அண்ணனும் விரும்பான் என்பதால் அக்கயிறு கை நழுவாது. மாவலனின் கயிற்றைப் பிடித்தவன் கீரன். அரசியாரே, இவன் இறங்காததற்கு வேறு காரணமும் இருக்கிறது. நான் கயிற்றை விட்டுவிடுவேன் என்று பயப்படுகிறான் என்றான். மாவலன் முகம் கறுத்தது. ஆமாம், பயம்தான்; தங்கையை அழவைத்தவனின் உயிரை எந்த அண்ணன் இறுக்கிப் பிடிப்பான் என்று சீறினான். அதற்குக் கீரன், நான் பிடிக்கமாட்டேன் என்று என்றைக்குச் சொன்னேன் மச்சான், நீ கேட்கவே இல்லையே, உன்மேல் கோபம்தான், ஆனாலும் நடுக்கடலில் அதைத் தீர்த்துக்கொள்ளும் அளவுக்கு நான் கெட்டவனில்லை என்றான். மாவலன் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அவை கலைந்தபின் தலைமை அமைச்சர் ஓர் ஆலோசனை சொன்னார். துறையிலேயே சிறந்த குளிப்பாளன் இவன், உடம்பில் குறையில்லை, ஆதலால் சிறந்த குளிப்பாளன் என்ன பெறுவானோ அதை இவன் பெறுவதாகவே கொண்டு பங்கு விதித்துவிட்டால், உறுதியும் உடையாது, பிள்ளைக்கும் குறை வராது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அரசியார் அன்று மாலை முழுதும் குளக்கரையில் நடந்தபடி அதையே நினைத்தார்.

நினைக்க நினைக்க அதில் ஒரு பொறி தெரிந்தது. குளிப்பாளனின் வருவாயை ஒருவன்மேல் விதித்தால், அதைக் கட்ட அவனுக்குக் கடலைத் தவிர வேறு வழி இராது. நாம் கையால் தள்ளவில்லை, கணக்கால் தள்ளினோம் என்றாகும். கீரனின் கை உறுதியானதுதான். ஆனால் மேலே இருப்பவனை நம்பாமல் கீழே இறங்குகிறவன், மூச்சு முடியுமுன் பதறுவான். பதறியவன் மேலே வருவதில்லை. இன்று ஒரு குழந்தையின் பெயரால் நாம் திறக்கும் இவ்வாயிலில் நாளை கடன் கொடுத்தோர் அனைவரும் நுழைவர். அச்சத்தால் கரையில் நிற்பவனை நீரில் இறக்குவது இந்த அரசின் வேலையன்று. அதே வேளையில், கடலுக்கு அஞ்சுகிறவன் நிலத்துக்கும் அஞ்ச வேண்டும் என்று எந்தத் தெய்வமும் சொல்லவில்லையே என்ற எண்ணமும் அவர்க்கு எழுந்தது. கரைக்கோயிலில் மாவலன் விட்டது கடலை. தன் கைகளை அல்ல.

மறுநாள் சிப்பிக் கொட்டகைக் காரியக்காரரிடம், இம்மாவலனுக்கு நிலத்தில் என்ன தெரியும் என்று கேட்டார். தெரியாதது என்ன அம்மா, முத்தைத் தொட்டே தரம் சொல்வான், எனக்குத் தரம் பிரிக்க ஆள் போதவில்லை, இருமுறை கூப்பிட்டேன், பெண்டுகளோடும் பல் போனவர்களோடும் உட்கார்ந்து முத்துப் பொறுக்கவா என்று சொல்லிவிட்டான் என்றார் அவர். மாவலன் அதை மறுக்கவில்லை. ஊர் சிரிக்கும் என்றான். சிரிக்கட்டும், வெட்கத்துக்காகப் பிள்ளையின் பங்கில் கழிவு கொடுப்பதற்கில்லை என்றார் அரசியார்.

ஆகவே அரசியார் முடிவு இது. மாவலன் சொன்ன உறுதி நிற்கும். அவனை எவரும் கடலில் இறக்கலாகாது. குளிப்பாளனின் வருவாயை அவன்மேல் ஏற்றவும் கூடாது. ஆனால் அவன் வருவாய் ஒன்றுமில்லை என்று எழுதியது நீக்கப்படுகிறது. முத்துத் தரம் பிரிப்பவன் கானல்துறையில் பெறும் கூலியை அவன் பெறுவதாகக் கொண்டு பங்கு விதிக்கப்படும். கொட்டகையில் போய் உட்கார்ந்தாலும் சரி, சத்திரத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, பங்கு மாறாது.

நன்னி அப்போதும் விடவில்லை. அம்மா, ஓலையில் எழுதிய பங்கை என் பிள்ளை மெல்ல முடியுமா, இவர் கட்டாமலே இருந்தால் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. துறைக் களஞ்சியம் திங்கள்தோறும் அரும்புக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும்; கொடுத்ததை மாவலனிடம் பெறுவது களஞ்சியத்தின் தலைவலியாக இருக்கட்டும், குழந்தையின் தலைவலியாக வேண்டாம். அவன் தராவிடில், ஓலைக்கீற்றுப் போர்த்திக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் அவன் படகை ஏலம் இடலாம். கடலை விட்டவனுக்குப் படகு எதற்கு என்று அரசியார் கேட்டபோது, மாவலன் முதன்முறையாகத் தலை குனிந்தான்.

இனி நன்னியைப் பற்றி. அவள் உழைக்கவில்லை என்று எழுதியதே சேந்தனார் தீர்ப்பின் வேர்ப்பிழை என்று அரசியார் கருதுகிறார். இருவரும் தாமாகவே வேலையை விட்டவர்கள்தாம். ஆனால் ஒருவன் விட்டதால் பிள்ளைக்கு உள்ளது குறைந்தது, மற்றவள் விட்டதால் பிள்ளை மூச்சு விடுகிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து, வழக்கத்தின் பெயரால் ஒருவனைத் தட்டிலிருந்து இறக்கிவிட்டு, மற்றவளை மட்டும் எடைபோட்டது முறையன்று. அரும்பின் இழுப்பு தணிந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை நன்னியின்மேல் உப்பளக் கூலி ஏற்றப்படாது. தணிந்தபின் அவளும் தன் பங்கைக் கட்டுவாள். அதற்கு அவளே ஒப்புக்கொண்டாள். கேளாமலே ஒப்புக்கொண்டாள் என்பதைச் சேந்தனார் குறித்துக்கொள்வாராக.

இனி இத்தகைய வழக்கு மன்றத்துக்கு வரும்போது, கை ஏன் ஓய்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும். உறுதி சொன்னானா என்பது அதற்குப் பிறகு. நோயால் ஓய்ந்த கையையும், வேலையே கிடைக்காமல் ஓய்ந்த கையையும் வருத்தலாகாது. அஞ்சி ஓய்ந்தவனை அஞ்சிய இடத்துக்கே துரத்தாமல், அவன் கண்ணெதிரே திறந்திருக்கும் வேறு வேலையைக் கொண்டு அளக்க வேண்டும். எல்லாம் இந்த ஓலைக்குள் அடங்கிவிடாது என்பது அரசியார்க்கும் தெரியும். ஐயம் எழும் இடத்தில் சேந்தனார் எழுதிக் கேட்கலாம், கேட்பதில் இழிவில்லை.

மாவலன் இன்று காலையே காரியக்காரரோடு துறைக்குப் புறப்பட்டான். கொட்டகைக்குப் போவானா என்று அவன் சொல்லவில்லை. வண்டியில் ஏறுமுன் கீரனிடம், அரும்பு இப்போது என்னதான் சாப்பிடுகிறாள் என்று கேட்டானாம். கேட்டதற்குக் கீரன், போய்ப் பார், வாசல் தெரியுமில்லையா என்றானாம்.

நாளை மறுநாள் அமாவாசை. இவ்வோலையைக் கொணரும் குதிரைவீரன் ஓய்வின்றி வரப் பணிக்கப்பட்டுள்ளான். நன்னியும் கீரனும் தேரில் பின்தொடர்கிறார்கள். ஓலை கண்ட அக்கணமே அறச்சாலைக்கு எழுதிய பெயர்களிலிருந்து அரும்பின் பெயரை அடித்துவிட வேண்டும். வண்டி அதற்குள் புறப்பட்டிருந்தால், சேந்தனார் ஆளனுப்பாமல் தாமே குதிரையேறிப் போய் அதை மறிப்பாராக. குழந்தை உறங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம். வண்டியை நிழலில் நிறுத்தி வைத்துத் தாய் வரும்வரை காத்திருக்கவும். அவளே வந்து தூக்கிக்கொள்ளட்டும்.

இது அரசி குவளைமாதேவியார் சொல்ல எழுதப்பட்டு, அவர் முன்னிலையில் படிக்கப்பட்டு, வலம்புரி இலச்சினை பொறிக்கப்பட்டது. இதை மாற்றுவதற்கு அவர் ஒருவர்க்கே உரிமை. இதை நிறைவேற்றுவதற்குச் சேந்தனார்க்கு இக்கணம் முதல் கடமை.